எந்தப் பையில் அந்த நிமிஷம்

சிபுயிலே குமேடே யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் உம்லாசியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் எங்கள் தெருமுனையில் அவள் ஹார்ன் கேட்டால் பிள்ளைகள் ஒற்றைக் கால் ஷூவோடு ஓடிவரும். டாக்சிக்காரன் எவனாவது குறுக்கே புகுந்தால் கண்ணாடியை இறக்கி அவன் வம்சத்தையே இழுப்பாள். இடித்தது இவளாகவே இருந்தாலும் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் எதிராளிதான். அப்படிப்பட்டவள், நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில், மருந்துப் பை மாட்டுகிற கம்பியில் இடித்துக்கொண்டு அந்தக் கம்பியைப் பார்த்து “மன்னிச்சுக்கோ” என்றாள். இந்தப் பெண்ணுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

நான் அங்கே ரத்தப் புற்றுநோய் வார்டில் நர்ஸ். சிபுயிலே என் தெருக்காரி, ஆகவே அவள் கதையில் பாதி எனக்குத் தெருவில் தெரிந்தது, மீதி வார்டில் தெரிந்தது. எனக்கு வாய் நீளம் என்று என் புருஷன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். இருக்கட்டும். அவளாகச் சொல்லப்போவதில்லை, வாய் நீளமான ஒருத்திதான் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு ஒரே தம்பி, வெலாப்பி. அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு வேன் ஓட்டி அவனுக்குச் சோறு போட்டவள் இவள். ஆனால் எங்கள் வழக்கத்தில் சோறு போடுகிறவள் யாரானாலும் வீட்டுத் தலைவன் ஆண்பிள்ளைதான். டயர் கடையில் பாதி நாள் வேலை பார்த்து மீதி நாள் கதவோரம் நின்று விசில் அடிக்கிற பயல், அக்காவின் கல்யாணத்தைப் பேசி முடிக்கிற பெரிய மனுஷன் ஆகிவிட்டான்.

பெண் கேட்டு வந்தவன் மபாசோ. பஸ் டிப்போவில் மெக்கானிக், சாது. எங்கள் பக்கம் பெண் கேட்கிறவர்கள் விடியும்போதே வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்று, பெண் வீட்டாரின் குலப்பெயர்களைச் சொல்லி உரக்கக் கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் காது கேளாதது போல் கொஞ்ச நேரம் இருப்பார்கள். சட்டென்று திறந்தால் பெண் மலிந்து கிடக்கிறாள் என்று பேச்சு வரும். அதெல்லாம் விளையாட்டு மாதிரிதான், எல்லாருக்கும் தெரியும். வெலாப்பி அந்த விளையாட்டை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நடத்தினான். வெயில் ஏறியது, அப்புறம் மழை வந்தது, கேட் திறக்கவில்லை. பெண் பின்னறையில்தான் இருக்க வேண்டும், வெளியே வந்து முகம் காட்டக் கூடாது. வந்தவர்களின் தொண்டை கட்டிப்போகிற வரைக்கும் சிபுயிலே உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போய்விட்டார்கள். மறுபடி வருவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை. அடுத்த வருஷம் மபாசோ வேறு ஊரில் பெண் எடுத்துவிட்டான்.

அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் மூன்றாம் மனிதர்கள். அவள் சமைத்து வைத்துவிட்டுச் சட்டியைப் பார்த்து “சோறு இருக்கு” என்பாள். அவன் சுவரைப் பார்த்து “சரி” என்பான். வேனில் பிள்ளைகள் மேல் அவ்வளவு வாய் பேசுகிறவள் வீட்டில் இப்படி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் வெலாப்பிக்கு ஈறில் ரத்தம் வந்தது, காய்ச்சல் வந்தது, கடைசியில் எங்கள் வார்டுக்கே வந்து சேர்ந்தான். ரத்தப் புற்றுநோய். மருந்து மட்டும் போதாது, வேறொருவரின் எலும்பு மஜ்ஜை வேண்டும் என்றார்கள். அக்காவைச் சோதித்தார்கள். பேச்சில் ஒட்டாதவர்கள் ரத்தத்தில் அச்சு அசலாக ஒட்டிப்போனார்கள்.

அவர்களுடைய அத்தை கெத்தி, அப்பாவின் தங்கை, உடனே ஆரம்பித்தாள். முதலில் இரண்டு பேரும் கை கழுவிக்கொள்ள வேண்டும் என்றாள். பகைத்தவர்கள் தண்ணீரில் சாம்பல் கரைத்து, வாய் கொப்பளித்துத் துப்பி, ஒருவர் கைக்கு ஒருவர் தண்ணீர் ஊற்றினால் மனதில் இருப்பது போய்விடும், அப்புறம் கொடுக்கிறது வாங்குகிறது எல்லாம் சுத்தம். சிபுயிலே மாட்டேன் என்றுவிட்டாள்.

“எலும்புக்குள்ள இருக்கறதையே உறிஞ்சிக் குடுக்குறேன். இதுக்கு மேல அவனுக்குக் கை வேற கழுவி விடணுமா?” என்று கேட்டாள்.

கொடுத்தாள். அவன் பிழைத்தான். தலைமுடி சுருட்டையாக முளைத்தது, கோழிக்கால் வேண்டும் என்று கேட்டுத் தின்றான். பேச்சுவார்த்தை மட்டும் பழையபடிதான். சட்டியும் சுவரும் பேசிக்கொண்டன. ஒரு வருஷம் முடிவதற்குள் நோய் திரும்பி வந்தது.

டாக்டர் கவெண்டர் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். நானும் கூட நின்றேன். நல்ல டாக்டர், பொறுமையாகச் சொல்லுவார். சிபுயிலேயின் மஜ்ஜையோடு அவளுடைய டி செல்களும் தம்பி உடம்புக்குள் போயிருந்தன. டி செல் என்பது ரத்தத்தில் சுற்றுகிற காவல்காரன். எதிர்ப்படுகிற ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, வேற்றாள் என்று தெரிந்தால் கொன்றுவிடும். ஆனால் கொல்லத் தெரிந்தவனுக்கு நிறுத்தவும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் சொந்த உடம்பையே அடித்துத் தீர்த்துவிடுவான். அதற்காக அதன் மேலேயே பிரேக் மாதிரி ஒன்று இருக்கிறது. புற்றுநோய்ச் செல் அதைக் கண்டுபிடித்துவிட்டது. தன்னைக் கொல்ல நெருங்கி வருகிறவனின் பிரேக்கை அமுக்கிவிடுகிறது. சுற்றியிருக்கிற சத்தைத் தானே தின்று அவனைப் பட்டினி போடுகிறது. சண்டை போதும் என்று தணிக்கிற வேறு டி செல்களும் உடம்பில் உண்டு, அவர்களையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால் காவல்காரன் களைத்துத் தன் தொழிலையே மறந்துவிடுகிறான்.

அவள் விழித்ததைப் பார்த்து நான் என் பாணியில் சொன்னேன். டாக்சி ஸ்டாண்டில் ஒரு காவல்காரன் இருந்தானே, திருடன் தினமும் டீயும் மக்வின்யா போண்டாவும் வாங்கிக் கொடுத்து அவனை உட்காரவைத்தானே, அதுதான். திருடன் அவனை அடிக்கவே இல்லை. சட்டை, தொப்பி, தடி எல்லாம் இருந்தது, ஆள் எழுந்திருக்கவில்லை.

அவள் கேட்டது ஒரே கேள்விதான். “என் செல்லுக்கு முதல்லயே சண்டை போட மனசு இல்லையோ, டாக்டர்?”

செல்லுக்கு மனசு கிடையாது, யார் கொடுத்திருந்தாலும் இதே நடந்திருக்கலாம் என்றார் டாக்டர். அவள் தலையை ஆட்டினாள். சிபுயிலே தலையாட்டினால் நம்பவில்லை என்று அர்த்தம், நம்பினால் எதிர்த்துப் பேசுவாள்.

வராந்தாவில் கெத்தி அத்தை காத்திருந்தாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச அவளை விட்டால் ஆள் இல்லை. “அரைமனசாப் போட்ட சோறு வயித்துல தங்காது. அரைமனசாக் குடுத்த ரத்தம் மட்டும் நின்னு சண்டை போடுமா?” என்றாள். நான் அத்தையை வெளியே அனுப்பினேன். அனுப்பி என்ன பிரயோஜனம், சொல் உள்ளே போய்விட்டது. அதற்கு மறுநாள்தான் சிபுயிலே கம்பியிடம் மன்னிப்புக் கேட்டாள்.

டாக்டரிடம் இன்னொரு வழி இருந்தது. அக்காவின் கையிலிருந்து புதிதாக டி செல்களை எடுத்துத் தம்பிக்கு ஏற்றுவது. இவை இன்னும் களைக்காதவை. ஆனால் வேகமானவை, நோயை அடிக்கிற கையோடு வெலாப்பியின் தோலையும் குடலையும் ஈரலையும் வேற்றாள் என்று நினைத்து அடிக்கலாம். அதனால் ஒரேயடியாக ஏற்றமாட்டார்கள். எடுத்ததைப் பல பைகளாகப் பிரித்து, ஒரு சின்னப் பையை உடனே ஏற்றிவிட்டு, மீதியை உறைய வைத்து, சில வாரம் பொறுத்துப் பார்த்து அடுத்த பையை இன்னும் கொஞ்சம் பெரிதாக ஏற்றுவார்கள்.

சரி என்றாள் சிபுயிலே, ஆனால் முதலில் கை கழுவ வேண்டும் என்றாள். வீட்டிலிருந்து டப்பாவில் சாம்பல் கொண்டு வந்துவிட்டாள். பூச்செண்டே உள்ளே விடாத வார்டு அது, எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்குச் சாம்பல் தூசி என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும். டப்பாவை வாசலிலேயே பிடுங்கி வைத்தேன். வெறும் தண்ணீர் போதும், கெத்தி அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று வார்டுப் பேசின் ஒன்றை நிரப்பிக் கையில் கொடுத்தேன்.

அவள் பேசினோடு கட்டிலருகே போய் நின்றாள். வெலாப்பி மறுபடி மொட்டைத் தலையோடு படுத்திருந்தான். பேசினைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“அதை எடுத்துட்டுப் போ அக்கா,” என்றான். அவன் அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “டாக்டர் என்ன சொன்னாங்க? உன் செல்லு ஆளுங்களைச் சமாதானம் பேசியே இந்த நோய் உட்காரவெச்சிருச்சுன்னாங்க. இப்ப நீயும் சமாதானத்துக்கு வந்து நிக்கிற. உள்ள இருக்கறதுக்குக் கொண்டாட்டம்தான். எனக்குக் கோபமான ரத்தம் வேணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“விளையாடாதடா. தப்பு என்னோடது. அன்னிக்கே கழுவியிருந்தா இது திரும்பி வந்திருக்காது,” என்றாள்.

“தப்பு உன்னோடது இல்லை.” அவன் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “மபாசோ ஆளுங்க ரெண்டாம் தடவையும் வந்தாங்க. நீ பிள்ளைங்களை இறக்கிவிடப் போயிருந்த. நான்தான் கேட் வாசலுக்குப் போயி, எங்க அக்காவுக்கு இஷ்டமில்லை, இனிமே வராதீங்கன்னு சொன்னேன்.”

ஏன் என்று அவள் கேட்டாள், எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?” என்றான். சிரித்து மழுப்பப் பார்த்தான், வரவில்லை.

அவள் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். பேசினைத் துடைத்தாள், இருந்த இடத்தில் வைத்தாள், போய்விட்டாள். கதவை அறைந்து சாத்தாமல் அவள் எங்கிருந்தும் வெளியேறிப் பார்த்ததில்லை, அன்றைக்குக் கதவு சத்தமே போடவில்லை.

நான் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயே, இனி அவள் வரவில்லை என்றால் உன் கதி என்ன என்று கேட்டேன். வருவாள், கோபத்தோடு வருவாள், அதுதான் வேண்டும் என்றான். ஆனால் தினமும் நான் உள்ளே நுழையும்போது அவன் கண் என் முதுகுக்குப் பின்னால் போகும். கோபமான ரத்தம் என்பதெல்லாம் சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பயலுக்கு அந்தப் பொய் தொண்டையில் முள்ளாக நின்றிருக்கிறது, சாவு பக்கத்தில் வந்ததும் துப்பிவிட்டான்.

குறித்த நாளில் அவள் வந்தாள். செல் எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு கையில் ஊசி வழியாக ரத்தம் வெளியே போகும், மெஷின் சுழற்றி டி செல்களைப் பிரித்துக்கொண்டு மீதியை இன்னொரு கை வழியாகத் திருப்பித் தரும். மணிக்கணக்கில் இரண்டு கையையும் அசைக்க முடியாது. நடுவில் ஒரு நேரம் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. நான்தான் துடைத்துவிட்டேன், அப்போதும் அவள் என்னைப் பார்க்கவில்லை.

முதல் பை அன்றைக்கே ஏறியது. வாரங்கள் போயின. நோய் கொஞ்சம் பின்வாங்கியது, முழுசாகப் போகவில்லை. வெலாப்பியின் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது பையைப் பெரிதாக ஏற்றலாம் என்று டாக்டர் நாள் குறித்தார். அதற்கு முந்தின நாள் மத்தியானம், பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வேனை ஆஸ்பத்திரி வாசலில் கோணலாக நிறுத்திவிட்டுச் சிபுயிலே ஓடிவந்தாள். என்னை வராந்தா மூலைக்கு இழுத்தாள்.

“அந்தப் பைங்களைத் தூக்கிப் போட்டுடுங்க சிஸ்டர். என்கிட்டப் புதுசா எடுத்துக்கங்க.”

என்ன உளறுகிறாய் என்றேன்.

“அந்த நாற்காலில உட்கார்ந்திருந்தேன்ல, அப்ப ஒரு நிமிஷம் இவன் செத்துத் தொலையட்டும்னு நினைச்சேன். மனசார நினைச்சேன். அப்ப மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. முதல் பையில அது போகல, போயிருந்தா அவனுக்கு ஏதாவது ஆகியிருக்கும். மிச்சப் பையில எதுலயோ அந்த நிமிஷம் இருக்கு.”

எத்தனை வருஷ நர்ஸ் நான், என் வாயும் சாதாரண வாய் இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, பைபையாக எடுப்பதில்லை, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கலந்த பிறகுதான் பிரிப்போம், தனியாக ஒரு நிமிஷம் எதிலும் இருக்காது என்று சொன்னேன்.

“அப்ப எல்லாத்துலயும் இருக்கா?” என்றாள்.

அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்துக்குக் கோபம் தெரியாது, ஆசை தெரியாது என்று மறுபடி சொன்னார். புதிதாக எடுக்கலாம்தான், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும், உள்ளே இருக்கிற நோய் அதுவரை சும்மா இருக்காது, அது பெருகிவிட்டால் புதிதாகப் போகிற செல்களையும் அமுக்கிவிடும் என்றார். சிபுயிலே பிடித்த பிடியில் நின்றாள். என் ரத்தம், நான் வேண்டாம் என்கிறேன் என்றாள். அப்படியானால் தம்பியிடம் நீங்களே சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

அவள் உள்ளே போனாள். நானும் போனேன், போகாமல் இருக்க முடியவில்லை. கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னதை அப்படியே அவனிடம் சொன்னாள். ஒரு சொல்லைக் கூட மென்மையாக்கவில்லை. அவள் சொல்லி முடித்ததும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

வெலாப்பி தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“மனசாரவா நினைச்ச?”

“ஆமா.”

“ஒரு நிமிஷம்தானா?”

“ஒரு நிமிஷம்தான்.”

“நான் கேட் வாசல்ல பொய் சொன்னதும் ஒரு நிமிஷம்தான் அக்கா. அது உன் ஆயுசு பூரா ஓடிக்கிட்டிருக்கு.” தன் சட்டைப் பட்டனைத் தானே கழற்றி, நெஞ்சில் குழாய் செருகியிருந்த இடத்தைக் காட்டினான். “என் பங்கு எனக்கு வந்து சேரட்டும். சிஸ்டர், நாளைக்குப் பையை மாட்டுங்க.”

மாட்டினேன். சிபுயிலே வெளியே பெஞ்சில் இருந்தாள். பை காலியாகிற வரைக்கும் கண்ணாடி வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை காவல்காரர்கள் உட்காரவில்லை. அடுத்தடுத்த சோதனையில் நோய் குறைந்தது, பிறகு தேடியும் கிடைக்கவில்லை. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நாங்கள் கொண்டாடி முடிப்பதற்குள் வெலாப்பியின் உள்ளங்கை சிவந்தது. பிறகு பாதம், காது, முதுகு. தோல் உரிந்தது, வாயெல்லாம் புண், எது சாப்பிட்டாலும் வயிற்றில் நிற்கவில்லை. அதே செல்கள்தான். அவற்றைக் கொஞ்சம் அடக்க மருந்து கொடுத்தோம். திருடன் செய்த வேலையை இப்போது நாங்களே அளந்து அளந்து செய்தோம், அதிகமாக அடக்கினால் நோய் வரும், குறைவாக அடக்கினால் தோல் போகும்.

சிபுயிலே தினமும் வந்தாள். அவன் கைக்குக் களிம்பு தடவச் சொன்னால் டியூபை என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடுவாள். நான் அவளுக்கு எத்தனையோ எடுத்துச் சொன்னேன். தம்பியை உயிராக நினைத்துக் கொடுத்த அக்காக்கள் இந்த வார்டில் உண்டு, அவர்கள் தம்பிகளுக்கும் இப்படித்தான் உரிந்தது என்றேன். நினைப்பு ரத்தத்தில் ஏறும் என்றால் நான் என் புருஷனை எத்தனை தடவை கொன்றிருப்பேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

“அந்தச் செல்லெல்லாம் இன்னும் அவனுக்குள்ளதான் இருக்கா சிஸ்டர்?” என்று ஒருநாள் கேட்டாள்.

இருக்கும், அவன் உயிரோடு இருக்கிறவரைக்கும் இருக்கும், அவை இருப்பதால்தான் அவன் இருக்கிறான் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். பாதியோடு நிறுத்தியிருக்கலாம்.

வெலாப்பி இப்போது வீட்டில் இருக்கிறான். காலையில் வேனில் அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பிள்ளைகள் ஏறியதும் கதவைச் சரிபார்க்கிற வேலை அவனுக்கு. கையில் திட்டுத்திட்டாகத் தோல் வெளுத்திருக்கிறது, வாய் எப்போதும் உலர்ந்திருக்கும், பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டே இருப்பான். இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றி, டயரைப் பற்றி, கெத்தி அத்தையைப் பற்றி. டாக்சிக்காரன் குறுக்கே வந்தால் சிபுயிலே ஒதுங்கி வழிவிட்டுக் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்கிறாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்தப் பழைய வாயாடியைத் திருப்பிக் கொடு என்று யாரிடம் கேட்பது?

போன ஜூலையில், எங்கள் ஊர்க் குளிர்காலத்தில், ஒருநாள் அவனைச் சோதனைக்கு அழைத்துப்போகும்போது நானும் அதே வேனில் ஏறிக்கொண்டேன். நல்ல குளிர். நான் பின் சீட்டில் ஸ்வெட்டருக்குள் சுருண்டிருந்தேன். பாதி வழியில் வெலாப்பி தன்னை அறியாமல் மணிக்கட்டைச் சொறிந்தான். அவள் பார்த்துவிட்டாள். பச்சை விளக்கு விழுந்தும் வேன் நகரவில்லை, பின்னால் எல்லாரும் ஹார்ன் அடிக்கிறார்கள், அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சட்டைக் கையை இழுத்து மூடினான்.

“கொசு, அக்கா,” என்றான்.

அந்தக் குளிரில் கொசு ஏது. அவள் “ம்” என்று சொல்லி, அவன் மேலாகக் கையை நீட்டி கொசு நுழையாதபடி அந்தப் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தாள்.